மலாக்காக் குன்றைச் சுற்றி

மலாக்கா மாநிலத் தலைநகரில் மக்கள் தேடிப் போய்ப் பார்க்கும் நினைவிடங்களில் பெரும்பாலானவை ஒரே குன்றைச் சுற்றி நிற்கின்றன. செயின்ட் பால் குன்றின் உச்சியில் கூரை இழந்த ஒரு தேவாலயம். அடிவாரத்தில் மதிலே இல்லாமல் தனித்து நிற்கும் கோட்டை வாசல். மறுபுறம் செந்நிறம் பூசிய டச்சு மாளிகையும் கிறைஸ்ட் தேவாலயமும். இவற்றுக்கிடையே மர அரண்மனை ஒன்று, விடுதலை நினைவகம் ஒன்று, பழைய மைதானம் ஒன்று. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்தே முடித்துவிடலாம். மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள செலண்டார், ஆசஹான், பத்தாங் மலாக்கா போன்ற ஊர்களின் தோட்டத் தமிழர்களுக்குப் பட்டணம் என்றால் தலைமுறைகளாக இந்த இடந்தான்.

இந்தச் சிறிய வட்டத்துக்குள் ஐந்நூறு ஆண்டுகளில் நான்கு ஆட்சிகள் வந்து போயின. வந்தவர்கள் முந்தையவர்களின் கல்லை எடுத்துத் தங்கள் கட்டடத்தைக் கட்டினார்கள், பிடிக்காததை இடித்தார்கள், வசதியானதை வைத்துக்கொண்டார்கள். ஆகையால் இங்கே எஞ்சி நிற்பவற்றைப் போலவே எஞ்சாமல் போனவற்றுக்கும் வரலாறு உண்டு. தமிழர் பங்கு பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்கில்தான் வருகிறது.

பரமேஸ்வரா 1400ஆம் ஆண்டையொட்டி நிறுவிய சுல்தானகத்தின் கட்டடம் எதுவும் இன்று இல்லை. அரண்மனை மரத்தால் ஆனது. பள்ளிவாசலும் அரச கல்லறைகளும் கல்லால் ஆனவை. அவை போர்த்துகீசியரின் கோட்டைச் சுவருக்குள் போய்விட்டன. அக்காலத் துறைமுகத்தில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட நான்கு அதிகாரிகள் இருந்தனர். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். தமிழ்க் கரையிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவர் தலைமை அமைச்சரான பண்டகாரரின் குடும்பத்தில் மணம் செய்துகொண்டதை மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்கிறது. அவருடைய மகள்வழிப் பேரன்தான் பின்னாளில் சுல்தான் முசாபர் ஷாவாக அரியணை ஏறினார். போர்த்துகீசியர் வந்த காலத்தில் நைனா சட்டு என்ற இந்துத் தமிழ் வணிகர் மலாக்காவின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். 1509இல் சுல்தானிடம் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு உதவிய அவரை, 1511இல் நகரைப் பிடித்த அல்புகர்க் அயலவருக்கான பண்டகாரர் பதவியில் அமர்த்தினார். 1514இல் அந்தப் பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்பட்டதும், அவமானம் பொறுக்காமல் நைனா சட்டு சிதை மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார். நகரின் அதிகாரத்தில் அவ்வளவு உயரம் ஏறி அவ்வளவு கோரமாக முடிந்த வாழ்க்கை வேறு இல்லை. ஆனால் புகழ்பெற்ற மலாக்கா நினைவிடங்களின் வரிசையில் அவருக்கு ஒரு கல்லும் இல்லை.

போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் பெயர் ஆ ஃபமோசா. குன்றையே மதிலுக்குள் அடக்கிய அந்தக் கோட்டைக்குள் மாளிகையும் மருத்துவமனையும் தேவாலயங்களும் இருந்தன. குன்றின் உச்சியில் 1521இல் துவார்த்தே கொயேல்யு என்ற போர்த்துகீசியப் பிரபு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். அது பின்னர் இயேசு சபையின் கைக்கு மாறிப் பெருகியது. 1545இல் அங்கே முதன்முதலாக வந்த பிரான்சிஸ் சேவியர், அதற்கு முந்தைய ஆண்டுகளைத் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே கழித்தவர். செபங்களைத் தமிழில் சொல்லக் கற்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவர். அவர் சீனக் கரையில் இறந்த பிறகு உடல் 1553இல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, கோவாவுக்குப் போகும் முன் பல மாதம் இந்த ஆலயத்தில்தான் கிடந்தது. அந்த வெற்றுக்குழி இன்றும் உள்ளே கம்பித் தடுப்புக்குள் இருக்கிறது. வெளியே நிற்கும் அவருடைய வெண்சிலை 1952இல் வைத்தது. திறந்த மறுநாளே மரம் விழுந்து அதன் வலக்கை முறிந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சேவியரின் வலக்கை 1614இல் துண்டிக்கப்பட்டு ரோமுக்குப் போனது என்ற செய்தியை அதோடு சேர்த்துச் சொல்லாமல் விடுவதில்லை. சிலைக்குக் கை இல்லாததுதான் அதன் புகழுக்குக் காரணம்; சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை.

டச்சுக்காரர்கள் பல மாத முற்றுகைக்குப் பிறகு 1641 ஜனவரியில் நகரைப் பிடித்தார்கள். கோட்டையை இடிக்காமல் பழுதுபார்த்துத் தங்களுக்கு ஆக்கிக்கொண்டார்கள். அடிவாரத்தில் நிற்கும் சான்டியாகோ வாசலின் நெற்றியில் காணும் சின்னம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கீழே பொறித்த ஆண்டு 1670. போர்த்துகீசியக் கோட்டை என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பின்னால் நிற்பது டச்சு முத்திரைதான். ஆற்றோரம் ஆளுநர் மாளிகையாக ஸ்டாட்ஹைஸ் 1650ஐ ஒட்டி எழுந்தது. நகரைப் பிடித்த நூற்றாண்டைக் கொண்டாட 1741இல் தொடங்கிய கிறைஸ்ட் தேவாலயம் 1753இல் முடிந்தது. அதன் பிறகு குன்றின் மேலிருந்த பழைய ஆலயம் வழிபாடு நின்று, பெரிய மனிதர்களைப் புதைக்கும் இடமானது. இன்று ஊரின் அடையாளமாகிவிட்ட சிவப்புப் பூச்சு டச்சுக் காலத்தது அல்ல. முதலில் வெள்ளையாக இருந்த சுவர்களுக்குப் பிரிட்டிஷார்தான் சிவப்பு அடித்தார்கள்.

டச்சு ஆட்சியில்தான் தமிழர்களுக்கு நகரின் நடுவே நிலைத்த கட்டடம் ஒன்று கிடைத்தது. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சுக்காரர் தந்த நிலத்தில் 1781இல் பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் எழும்பியது. அதே தெருவில் சில அடி தள்ளி 1748இல் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். இன்னும் சற்றுத் தள்ளி அதைவிடப் பழைய செங் ஹூன் தெங் சீனக் கோயில். கோயிலும் பள்ளிவாசலும் நிற்கும் பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸ் இப்போது நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலா ஏடுகளில் வருகிறது. தெருவின் தொழிலே பெயராக இருந்த காலத்தில் அப்படி ஒரு விளம்பரம் தேவைப்பட்டிருக்காது. மலேசியாவில் இன்னும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இந்த விநாயகர் கோயில். நினைவுச் சின்னமாக ஆகாமல் கோயிலாகவே இருப்பதால் அதன் வயது பலருக்கும் உறைப்பதில்லை.

நகரை 1795இல் பிரிட்டிஷார் கையகப்படுத்தினர். திரும்ப டச்சுக்காரரிடம் போகும் வாய்ப்பு இருந்ததால், எதிரிக்குப் பலமான கோட்டை கிடைக்கக் கூடாது, வணிகமும் பினாங்குக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அதன்படி 1807இல் வில்லியம் ஃபார்குவார் மேற்பார்வையில் கோட்டையைத் தகர்த்தார்கள். அந்த அழிவைக் கண்ணால் பார்த்து எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் 1796இல் பிறந்த அவருடைய குடும்பத்தில் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் உண்டு. சிறுவனாகத் தமிழ் படிக்க அனுப்பப்பட்டதையும், மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்ததையும் தன் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். கணக்கு வழக்குக்கும் வணிகத்துக்கும் அது வேண்டியிருந்தது. கடப்பாரைக்கு அசையாத சுவர்களுக்கு வெடிமருந்து வைத்ததையும், யானை அளவும் வீடு அளவும் உள்ள கற்கள் பறந்து கடலில் விழுந்ததையும், கோட்டைக் கல்லில் பேய் குடியிருப்பதாகக் கூலிக்காரர்கள் நடுங்கியதையும் அவர் விவரிக்கிறார். 1808இல் வந்த பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் மேலிடத்துக்கு எழுதி இடிப்பை நிறுத்தச் சொன்னார். அதற்குள் மதில் போய்விட்டது; மிஞ்சியது ஒரு வாசல். மலாக்காவுக்கு வருகிற எவரும் பார்க்காமல் போகாத சின்னம் இடித்தவர்கள் விட்டுவைத்த மிச்சம்தான். பழைய மலாக்காவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி அப்துல்லாவின் பேனாவால் தெரிந்தது. நகரின் முக்கியச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர் இருப்பது நியாயமே.

குன்றுச் சரிவில் டச்சுக் கல்லறை என்று ஓர் இடம் உண்டு. பெயருக்குத்தான் டச்சு. அங்கிருக்கும் கல்லறைகளில் டச்சுக்காரருடையவை ஐந்து மட்டும்; மற்றவை ஆங்கிலேயருடையவை. நானிங் போரில் மாண்ட அதிகாரிகளுக்கு எழுப்பிய கூம்புத் தூண் அங்கே நிற்கிறது. நானிங் என்பது இன்றைய அலோர் காஜா பகுதி. அங்கே வரி கேட்ட பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் பெங்குலு டோல் சைட் 1831–32இல் போரிட்டார். முதல் ஆண்டு அவரிடம் தோற்றுத் திரும்பிய படையும் அடுத்த ஆண்டு காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே முன்னேறிய படையும் சென்னைக் காலாட்படையைச் சேர்ந்தவை. காய்ச்சலிலும் பதுங்குத் தாக்குதலிலும் அதிகம் செத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள். தூணில் பெயர் பெற்றவர்கள் அவர்களுக்கு மேலிருந்த துரைமார்கள். டோல் சைட்டின் கல்லறை தாபோ நானிங்கில் பேணப்படுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியின் பிற்காலத்தில் ஸ்டாட்ஹைஸ் முன்னுள்ள சதுக்கத்தில் சில சின்னங்கள் சேர்ந்தன. 1886இல் சீனச் செல்வர் தான் பெங் சுவீ குடும்பத்தின் கொடையாக மணிக்கூண்டு வந்தது. விக்டோரியா மகாராணியின் நினைவாக மலாக்கா மக்கள் பெயரில் நீரூற்று வந்தது. மணிக்கூண்டின் பழைய கடிகாரத்தை 1982இல் எடுத்துவிட்டு ஜப்பான் கடிகாரம் பொருத்தியபோது ஜப்பானியர் காலத்தை அனுபவித்த முதியவர்கள் முகம் சுளித்தார்கள். 1912இல் பண்டார் ஹிலிர் மைதானத்துக்கு எதிரே, இரு பக்கமும் பொற்கவிகை மாடங்களோடு மலாக்கா கிளப் எழுந்தது. அதற்குப் பணம் வந்த வழி உட்பகுதிக் காடுகள். மலாயாவின் முதல் வணிக ரப்பர் சாகுபடியைச் சீனச் செல்வர் தான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, அடுத்துக் குனோங் லேடாங் அடிவாரத்துப் புக்கிட் ஆசஹானுக்கு விரித்தார். அதன் பின் ஆங்கிலக் கம்பெனிகள் நிலம் வாங்கின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். ஜாசின், செலண்டார் வட்டாரம் பால்மரக் காடாயிற்று. வார இறுதியில் தோட்டத் துரைகள் கூடிய இடம் இந்தக் கிளப். பால் வெட்டியவர்களுக்கு அதன் வாசற்படி மிதிக்க வழியில்லை.

பால் வெட்டியவர்கள் பட்டணத்துக்கு வந்தது வேறு காரணங்களுக்கு. தீபாவளிக்குத் துணி எடுக்க, நகை அடகு வைக்க, மருத்துவமனையில் படுத்தவரைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவிழாவுக்கு. மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகனின் தேர் புறப்பட்டு செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். காவடி எடுப்போரும் நேர்த்திக்கடன் செலுத்துவோரும் உட்பகுதித் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். குன்றையும் கோட்டை வாசலையும் பார்ப்பது அந்தப் பயணத்தின் உபரி. தேர் கிளம்ப நேரம் இருந்தால் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுவது, வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது, கடற்காற்று வாங்குவது, பிறகு திரும்புவது. நினைவிடங்களுக்கென்றே கிளம்புவது விடுதலைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாக்களோடு பரவிய பழக்கம்.

ஒரு காலத்தில் இந்தப் பயணத்துக்கு ரயில் இருந்தது. 1905 முதல் தம்பின் சந்திப்பிலிருந்து மலாக்காப் பட்டணத்துக்குக் கிளைப்பாதை ஓடியது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்ச் சயாம்–பர்மா ரயில்பாதைக்குப் போட்டார்கள். போரின் பின் அது திரும்பப் போடப்படவில்லை. மலாக்கா நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. தண்டவாளம் போன திசையிலேயே ஆட்களும் போனார்கள். 1942–43இல் கட்டிய 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும்பங்கு தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் இறந்த நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த இடுகாடு இல்லை. மலாக்காவில் ஜப்பானியர் கொன்ற சீனர்களுக்குப் புக்கிட் சினா அடிவாரத்தில் சீனச் சமூகம் 1948இல் தூண் நிறுத்தியது. அதன் எழுத்துகள் சியாங் கை ஷெக்கின் கையெழுத்தைப் பார்த்துச் செதுக்கியவை. சங்கங்களும் செல்வர்களும் நகரத்திலேயே இருந்த சமூகத்தால் அது முடிந்தது. திரும்பி வந்த தமிழர்களோ லயங்களில் சிதறிக் கிடந்தார்கள். துக்கம் குடும்பத்துக்குள்ளேயே திவசமாக நடந்தது.

மலாயாவின் விடுதலை உடன்பாடு லண்டனில் 1956 பிப்ரவரி 8ஆம் நாள் கையெழுத்தானது. முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடு திரும்பி, பிப்ரவரி 20ஆம் நாள் பண்டார் ஹிலிர் மைதானத்தில் திரண்ட கூட்டத்தின் முன் விடுதலை நாளை அறிவித்தார்: 1957 ஆகஸ்ட் 31. அந்நியரிடம் அரசு விழுந்த ஊரிலேயே அதைத் திரும்பப் பெறும் செய்தியைச் சொல்ல வேண்டும் என்பதால் கோலாலம்பூருக்கு முன் மலாக்காவைத் தேர்ந்தார். மைதானம் பாடாங் பாலாவான் ஆயிற்று. எதிரே நின்ற கிளப் கட்டடம் 1985 ஆகஸ்ட் 31 முதல் விடுதலைப் பிரகடன நினைவகம். துரைகள் மது அருந்திய கூடத்தில் இப்போது உடன்பாட்டின் ஆவணங்களும் தேர்தல் படங்களும். தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் வரிசையாக நுழைகிறார்கள். மலாக்காவில் உள்ள சின்னங்களிலேயே உரிமை இவ்வளவு முழுதாகக் கைமாறிய கட்டடம் இதுதான்.

கோலாலம்பூரின் சின்னங்கள் வேறு விதமானவை. வேண்டும் என்று தீர்மானித்துச் செய்தவை. ஏரிப் பூங்காவை 1888இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்ற அதிகாரி திட்டமிட்டார். அதை ஒட்டி 1966 பிப்ரவரி 8ஆம் நாள் திறந்த தேசிய நினைவுச் சின்னத்தின் ஏழு வெண்கல உருவங்களை வார்த்தவர், அமெரிக்காவின் ஈவோ ஜீமா நினைவுச் சின்னத்தைச் செய்த ஃபெலிக்ஸ் டி வெல்டன். மலாக்காப் பள்ளிகளின் தலைநகரச் சுற்றுலா இந்த இரண்டையும் தொடாமல் திரும்புவது அரிது. மலாக்காவும் 1980களில் இதே வழியில் இறங்கியது. சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையை செஜாரா மெலாயுவின் வருணனையை வைத்து மரத்தால் புதிதாகக் கட்டி 1986இல் திறந்தது. 1970களின் இறுதி வரை அரசு அலுவலகமாக இருந்த ஸ்டாட்ஹைஸ் அருங்காட்சியகமானது. 1511இல் போர்த்துகீசியரின் கொள்ளைப் பொருளோடு சுமத்திராக் கரையில் மூழ்கிய ஃப்ளோர் டி லா மார் கப்பலின் உருவம் 1994இல் ஆற்றோரம் கடல்சார் அருங்காட்சியகமாக எழுந்தது. 1989 ஏப்ரல் 15ஆம் நாள் மலாக்கா வரலாற்று நகரமாக அறிவிக்கப்பட்டது.

பழமையைக் கொண்டாடிய அதே அரசு 1984இல் புக்கிட் சினாவைச் சமப்படுத்திக் கட்டடம் கட்டத் திட்டமிட்டது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீனக் கல்லறைகள் கொண்ட அந்தக் குன்றுக்காக நாடெங்கும் எதிர்ப்பு எழ, திட்டம் கைவிடப்பட்டது. இன்று அது மக்கள் காலையில் ஓடப் போகும் பசுமை வெளி. கடலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோட்டை வாசலுக்கு அருகிலேயே அலையடித்த கரையைத் தூர்த்துத் தூர்த்து, இப்போது வாசலிலிருந்து பார்த்தால் வணிக வளாகங்கள்தான் தெரிகின்றன. துங்கு பேசிய மைதானமும் ஒரு பேரங்காடியோடு இணைந்துவிட்டது. இந்த வேகத்தில் தற்செயலாக ஒரு நன்மையும் விளைந்தது: 2006இல் சுழலும் கோபுரம் ஒன்றுக்கு ஆற்றோரம் அடித்தளம் தோண்டியபோது பழைய கோட்டையின் மிடில்பர்க் கொத்தளத்தின் கற்கள் தட்டுப்பட்டன. கோபுரம் வேறு இடத்துக்கு நகர்ந்தது. கொத்தளம் மீட்டுக் கட்டப்பட்டது. 2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து மலாக்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

இதற்கிடையே அரசு அலுவலகங்களும் பெரிய பூங்காக்களும் நகரை விட்டு ஆயர் குரோவுக்குப் போயின. விலங்கியல் பூங்கா, தாவரப் பூங்கா, மலேசிய மாநிலங்களின் வீட்டு மாதிரிகளைக் கொண்ட தாமான் மினி மலேசியா எல்லாம் அங்கே. செலண்டாரிலிருந்து டுரியான் துங்கால் வழியாக வருகிறவர்களுக்கு இவைதான் முதலில் எதிர்ப்படும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

தமிழர் தொன்மையைக் காட்டும் இடம் குன்றிலிருந்து வடக்கே தள்ளி, காஜா பெராங்கின் கம்போங் செட்டியில் இருக்கிறது. சுல்தானகக் காலத் தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய் பேசுவார்கள். பெண்கள் கெபாயா அணிவார்கள். வழிபாடு முழுக்க இந்து வழிபாடு. 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயிலும் சுற்றிலும் சிறு கோயில்களும் கொண்ட அந்தக் கிராமம் மாநிலச் சட்டப்படி பாரம்பரியக் கிராமம். ஆனால் யுனெஸ்கோ வரைந்த எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டது. 2013ஆம் ஆண்டை ஒட்டி அருகே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழவிருந்தபோது கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள். கிராமத்தின் சிறு அருங்காட்சியகத்தில் திருமண உடைகளும் பித்தளைப் பாத்திரங்களும் குடும்பப் படங்களும் உள்ளன. ஆண்டுதோறும் அம்மன் திருவிழாவின்போது நகர் நடுவே உள்ள பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து தேர் புறப்பட்டு, இந்தக் கிராமத்து மாரியம்மன் கோயிலுக்கு வந்து சேர்கிறது.